புன்கருவும் பூட்டிய அலுமாரியும்

தமிழால் விஞ்ஞானத்தைச் சொல்ல முடியுமா என்பது நம் இலக்கிய வட்டங்களில் ஓயாத வினா. தனித்தமிழ்ச் சொற்களையே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பார் ஒரு சாரார். உலகெங்கும் வழங்கும் சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் என்ன குடிமுழுகிவிடும் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தமிழன்பர்களே. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் இவ்வழக்கு நடைபெறும் மண்டபத்துக்கு வெளியே ஒரு மாணவி நெடுநாளாகக் காத்து நிற்கிறாள். வழக்காடுவோர் எவரும் அவளை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. பன்வில, மடுல்கல, வத்தேகம ஆகிய பகுதிகளின் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு உயிரியல் கற்பித்தவன் என்ற உரிமையால், அவள் பொருட்டுச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

அந்தரத்தில் நின்று விவாதிப்பதைவிட ஒரு பொருளை முன்னே வைத்துப் பேசுவது நன்று. ஆய்வுகூடங்களுக்குப் பொருள் விற்கும் வெளிநாட்டு வணிகரின் விலைப்பட்டியல்களில் ஒரு சிறு குப்பியைக் காணலாம். அதன் பெயரைத் தமிழிற் சொல்வதானால், 'மீள்சேர்க்கை முறையிற் பெற்ற மனிதப் புன்கருப் புரதம்' எனலாம். சுண்டுவிரலளவே இருக்கும் அக்குப்பியில் உள்ள சரக்கை மைக்ரோகிராமிலேதான் அளப்பார்கள். ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றில் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம். நீர் உறையும் நிலைக்கு 20 பாகை கீழே, சிலவேளை 80 பாகை கீழே, குளிரூட்டி வைக்கவேண்டிய பண்டம் அது. 'ஆய்வுக்கு மட்டும், மருந்தன்று' என்னும் எச்சரிக்கையும் அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும். மேலுக்குப் பார்த்தால் நம் வாழ்வுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே தோன்றும். அப்பெயரிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் புன்கரு. நம் உடல் கலங்களால் ஆனது. கலத்தினுள்ளே கரு உண்டு. அக்கருவினுள்ளே இன்னும் அடர்த்தியாய்த் தோன்றும் சிறு மணி ஒன்றோ சிலவோ இருக்கும். அதுவே புன்கரு. இத்தாலிய அறிஞர் பெலிசே பொன்டானா 1781 இல் விலாங்கு மீனின் தோற்கலங்களை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது இம்மணியைக் கண்டு எழுதிவைத்தார். கண்டாரேயொழிய, அது என்ன செய்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவருக்குப்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வந்தவர்களுக்கும் தெரியாது. 1934 இல் பார்பரா மக்ளின்ரொக் என்னும் அமெரிக்கப் பெண்மணி சோளத்தின் கலங்களை ஆராய்ந்து, நிறமூர்த்தமொன்றின் குறித்த ஓர் இடத்திலேயே புன்கரு உருவாகின்றது எனக் காட்டினார். அதன் தொழில் இன்னதென்பது தெளிவானது 1960 களிலேதான்.

அத்தொழிலை விளக்க உவமை தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பன்வில மலைகளிற் கொய்யப்படும் கொழுந்து தொழிற்சாலைக்குச் சென்று, வாடி, அரைபட்டு, உலர்ந்து தேயிலையாகிறது. அங்கே வேலை செய்பவை இயந்திரங்கள். கலத்துக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் இயந்திரங்களுக்கு இறைபோசோம் என்று பெயர். புன்கருவோ, அவ்வியந்திரங்களையே உறுப்புறுப்பாகப் பொருத்தித் தரும் பட்டறை. வளர்ந்துகொண்டிருக்கும் மனிதக் கலமொன்றில் ஒரு நிமிடத்துக்குப் பல ஆயிரம் இறைபோசோம்கள் இவ்வாறு ஆகின்றன. பட்டறைக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. புன்கருவைச் சுற்றி மென்சவ்வு கிடையாது. கலம் இரண்டாகப் பிரியும் வேளையில் அது கலைந்துபோகும். பிரிந்தபின் மீண்டும் கூடும். சிதம்பரத்தில் 1952 இற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் அவர்கள் 2009 இல் மற்றிருவருடன் நோபல் பரிசு பெற்றது, அந்த இறைபோசோமின் உருவத்தை அணு அணுவாகக் கண்டு சொன்னமைக்கே.

அடுத்தது புரதம். அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த மாலை அது. ஆனால் கோத்தால் மட்டும் போதாது. மாலை உரியவாறு மடிந்து உருவம் பெற்றாலன்றி அது வேலை செய்யாது. அம்மடிப்பின் இலக்கணத்தை வகுத்தவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரிகளாய் முறுக்கியது என்று 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் எழுதினார். மாலையின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களிலே திரும்பலாம், எவற்றிலே திரும்ப இயலாது என்பதைக் காட்டும் வரைபடத்தை 1963 இல் தம் மாணவருடன் வெளியிட்டார். இன்றும் உலகில் எந்த ஆய்வுகூடத்திற் புரதமொன்றின் உருவம் வரையப்பட்டாலும், அது சரிதானா என்று ஒத்துப் பார்ப்பது அவ்வரைபடத்தோடுதான்.

இனி மீள்சேர்க்கை. மனிதப் புரதம் என்று குப்பியிற் கண்டவுடன், எவருடைய உடலிலிருந்து எடுத்தார்களோ என்று அஞ்சவேண்டாம். இப்புரதத்தைச் செய்வதற்கான கட்டளை நம் பரம்பரையலகொன்றில் எழுதப்பட்டிருக்கிறது. அக்கட்டளையைப் படியெடுத்து ஒரு பற்றீரியாவினுள் சேர்த்துவிட்டால், அச்சிற்றுயிர் தான் பெருகப் பெருக அந்தப் புரதத்தையும் செய்து குவிக்கும். ஸ்ரான்லி கோகனும் ஹேர்பேட் போயரும் 1973 இல் இம்முறைக்கு வழிகண்டனர். 1978 இல் மனித இன்சுலின் இவ்வழியே செய்யப்பட்டது. 1982 இல் மருந்தாக வந்தது. அதற்கு முன்னர் நீரிழிவுக்காரர் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தனர்.

தோட்டத்து வாசகருக்கு இதுவும் முற்றும் அந்நியமானதன்று. தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையையும் அதனோடு சிறிது தண்டையும் வெட்டி, மண் நிரப்பிய பையில் ஊன்றித் தவறணையில் வளர்த்தால், தாயின் குணம் மாறாத வீ.பீ. தேயிலை கிடைக்கிறது. அங்கே செடி முழுவதையும் படியெடுக்கிறோம். இங்கே செடியில் எழுதியிருக்கும் ஒரேயொரு வாக்கியத்தைப் படியெடுத்து வேறோர் உயிரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். அது வாசித்துச் செய்ததைப் பிற சரக்குகளிலிருந்து பிரித்தெடுக்கவும் ஒரு தந்திரம் உண்டு. மாலையின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஆறுமுறை கோத்துவிடுவார்கள். அவ்வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். ஏனைய புரதங்களெல்லாம் கழுவிப் போக, வேண்டியது மட்டும் நின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் புரதத்தால் என்ன பயன்? ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நியூக்கிளியோபொஸ்மின் என்பது 294 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புன்கருப் புரதம். அது புன்கருவுக்கும் வெளியிலுள்ள குழியவுருவுக்கும் இடையே போய்வருவது. பணி முடிந்ததும் புன்கருவுக்கே திரும்புவது. வளர்ந்தோரைப் பற்றும் ஒருவகைக் கடுங் குருதிப் புற்றுநோயில், ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடத்து இப்புரதத்தின் பரம்பரையலகு பிழைபட்டிருக்கிறது என்பதை இத்தாலிய மருத்துவர்கள் 2005 இல் வெளிப்படுத்தினர். பிழைபட்ட புரதம் வீடு திரும்பாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கியிருப்பதைக் கண்டே நோயின் வகையை அறியலாம். வகை அறிந்தால் மருத்துவத்தை வகுக்கலாம். இன்னொரு நோயில் தோல் இறுகிக் கல்லாகிறது. அந்நோயாளருட் சிலரின் குருதியில், தம் சொந்தப் புன்கருப் புரதங்களையே பகையென்று எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. அவற்றைச் சோதித்தறிவதற்குத் தூய புரதம் கையில் இருத்தல் வேண்டும். அக்குப்பியின் பயன் இப்போது விளங்குமன்றோ?

இதுவரை கூறியவற்றைத் தமிழில்தான் கூறினேன். விளங்காத இடம் இருந்திருப்பின், அது என் நடையின் குறையாகலாம், மொழியின் குறையன்று. கலம், கரு, புன்கரு, புரதம், மென்சவ்வு, குழியவுரு என்பன நேற்று நான் ஆக்கிய சொற்களுமல்ல. 1950 களிலும் 60 களிலும் இந்நாட்டில் அறிஞர்கள் கூடியிருந்து வகுத்த கலைச்சொற்றொகுதிகளின் வழியே நம் பாடநூல்களுக்கு வந்து, பல தலைமுறை மாணவரின் நாவிற் பழகியவை. புன்கரு என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். புன்னகையில் உள்ள அதே 'புன்'. சிரிப்பிற் சிறியது புன்னகை. கருவிற் சிறியது புன்கரு. தமிழ்நாட்டார் செல் என்றும், உட்கரு என்றும், உட்கருமணி என்றும் எழுதுவர். அதுவும் அழகுதான். இரண்டில் எது உயர்ந்தது என்று இரவெல்லாம் வாதிடலாம். விடிந்தபின் அம்மாணவிக்கு யாதொரு நன்மையும் விளைந்திராது.

சொற்பூசல் இல்லாமலே காரியம் நடந்ததற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மானிடவுறுப்புகளைப்பற்றிய நூலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயரிட்ட அவர், இரசாயன நூலைக் 'கெமிஸ்தம்' என்று அச்சிடத் தயங்கவில்லை. ஒன்று வடமொழி வழி வந்தது, மற்றொன்று ஆங்கிலத்தைத் தமிழ் ஓசைக்கு இசைத்தது. தூய்மை நோக்குவார் இரண்டையும் மறுக்கலாம். ஆயின் அவரிடம் கற்றோர் மருத்துவராயினர். ஏன்? மானிப்பாயில் நூலும் இருந்தது, நோயாளியும் இருந்தார். சொல்லைக் காதாற் கேட்ட மாணவன் பொருளைக் கையால் தொட்டான்.

நம் மாணவிக்குக் கிட்டாதது அதுவே. தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் ஒருநாள் கலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். வட்டத்தினுள் வட்டம், அதனுள் ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முனையிற் 'புன்கரு' என்ற சொல். முன்வரிசையில் இருந்த பிள்ளை எழுந்து, "சேர், இத யாராச்சும் நெசமாவே பாத்திருக்காங்களா?" என்று கேட்டாள். கேட்டதிற் குறும்பு இல்லை. கடவுளைக் கண்டவர் உண்டா என்று வினவும் தொனியே இருந்தது. படத்தைப் பிழையின்றி வரைந்து பரீட்சையில் முழுப்புள்ளி பெறக்கூடிய பிள்ளை அவள். அவளுக்குப் புன்கரு என்பது ஒரு நம்பிக்கை, அறிவு அன்று.

அப்பாடசாலையில் நுணுக்குக்காட்டி இல்லாமலில்லை. இருந்தது, அலுமாரியுள் இருந்தது. அலுமாரி பூட்டியிருந்தது. எடுத்தாற் பழுதாகும், பழுதானாற் பொருட்பதிவேட்டுக்கு விடை கூறவேண்டும், விடை கூற இயலாதவர் பணம் கட்டவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அப்பாடசாலையின் பெயரை இங்கே கூறுவதாற் பயனில்லை. இதை வாசிக்கும் ஆசிரியர் பலருக்குத் தத்தம் பாடசாலையே நினைவுக்கு வரும். பூட்டியவர் தீயவரல்லர்; அஞ்சியவர். கருவியின் ஆயுளைக் காக்கத் தெரிந்த நமக்கு, அது எதற்காக வந்ததோ அக்காரியத்தைக் காக்கத் தெரியவில்லை.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. நம் உயர்தரப் பாடநூலிற் பேசப்படும் நுண்பொருள்கள் பலவற்றைக் காண இலட்சக்கணக்கில் விலைபோகும் கருவிகள் வேண்டும். இறைபோசோமைப் பாடசாலைக் கருவியிற் காண வழியே இல்லை. புன்கருவோ அத்தகையதன்று. பம்பாய் வெங்காயத்தின் உட்சதையிலிருந்து மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தட்டில் இட்டு, ஒரு துளி அயடீன் விட்டு, நானூறு மடங்கு பெருக்கும் சாதாரண நுணுக்குக்காட்டியில் ஒளியை அளவாக வைத்துப் பார்த்தால், மஞ்சள் படர்ந்த கருவினுள்ளே ஒன்றிரண்டு மணிகள் தெரியும். அவையே புன்கருக்கள். செலவு, கறிக்கு வாங்கிய வெங்காயத்தில் ஒரு செதில். பொன்டானா 1781 இல் அடைந்த வியப்பைப் பன்விலப் பிள்ளை ஒரு பாடவேளையில் அடையலாம். குப்பிக்குள் இருக்கும் புரதம் வாழும் வீடு இதுதான் என்று அப்போது சொன்னால், அவள் நம்பவேண்டியதில்லை, அறிந்துகொள்வாள்.

இதற்கு மறுப்புக் கூறுவார் இருவகையினர். முதல்வகையினர், எல்லாவற்றையும் ஆங்கிலத்திற் கற்பித்துவிட்டால் இடர் தீர்ந்தது என்பர். ஆங்கிலம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. அக்குப்பியின் விலைப்பட்டியலும் அதைப்பற்றிய ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. ஆயினும் அலுமாரி பூட்டியிருக்கும்வரை, புன்கரு என்று எழுதி மனனம் செய்தவள் நியூக்கிளியோலஸ் என்று எழுதி மனனம் செய்வாள். மாறியது எழுத்தேயன்றி அறிவன்று.

இரண்டாம் வகையினர் கூற்று இன்னும் கனமானது. கொழுந்துக்கூடை சுமக்கும் வீட்டில், லயத்தின் கூரை ஒழுகும் நிலையில், புன்கரு ஒரு கேடா என்பர். இவ்வினாவுக்கு விடை நம் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்தது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காக. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சட் துருப்போன்ற ஒரு நோய் தோன்றியது. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு. அதன் வாழ்க்கையை முறைப்படி ஆராய மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது 1880 இலேதான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, தோட்டங்கள் கைமாறின, உழைத்தவர் வயிறு காய்ந்தது. நுணுக்குக்காட்டியின் கீழே மட்டும் தெரியக்கூடிய ஒன்று நம் பாட்டன் பூட்டனின் சோற்றைப் பறித்தது. அப்படிப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுக்கு நுண்ணுலகம் ஆடம்பரம் என்று சொல்வது அறியாமை.

அன்றியும், 1948 இற் குடியுரிமை இழந்து, பின்னர் பல பத்தாண்டுகள் போராடி அதை மீட்டுக்கொண்ட சமூகம் இது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970 களிலே. விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் தோட்டப்புறங்களில் இன்றும் மிகச் சில. ஆதலின், இங்கே ஒரு பிள்ளை நுணுக்குக்காட்டியிற் குனிந்து பார்ப்பது வெறும் பாடவேலை அன்று. அடுத்த தலைமுறையில் எவர் கொழுந்து பறிப்பார், எவர் அக்கொழுந்தின் நோயை ஆராய்வார் என்பதைத் தீர்மானிக்கும் காரியம் அது.

செய்யவேண்டியன பெரிய காரியங்களல்ல. ஆய்வுகூடக் கருவி கற்பித்தலின்போது பழுதுபட்டால் ஆசிரியர் தண்டம் கட்டவேண்டியதில்லை என்று கல்வி அதிகாரிகள் எழுத்தில் உறுதி தரட்டும். அலுமாரிகள் தாமே திறக்கும். பேராதனைப் பல்கலைக்கழகமும், ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனமும் பன்வில இருக்கும் இதே கண்டி மாவட்டத்திலேதான் உள்ளன. அங்கே பணிபுரியும் தமிழறிந்த விஞ்ஞானிகள் ஆண்டுக்கொருநாள் வத்தேகம வழியாக மேலேறி வந்து, தாம் செய்வதைத் தமிழிற் சொல்லிக் காட்டட்டும். அத்தகைய குப்பியொன்றைக் கொண்டுவந்து காட்டினால் அதைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை.

இலக்கிய அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூல்வெளியீடுகளுக்கும் கவியரங்குகளுக்கும் மண்டபம் எடுக்கிறோம். அவற்றுள் ஒரு கூட்டத்திலாவது மேடையோரம் ஒரு மேசையில் ஒரு நுணுக்குக்காட்டியையும் ஒரு வெங்காயத்தையும் வைப்போம். கலைச்சொல்லைப்பற்றிப் பேச எழும் ஒவ்வொருவரும் முதலில் அதனுட் பார்த்துவிட்டுப் பேசட்டும். கண்ணாற் கண்டவன் சொல்லைத் தேடும்போது அதில் உயிர் இருக்கும். மாணவர் தாம் கண்டதைத் தம் நடையில் எழுதினால், இத்தகைய இலக்கியப் பக்கங்கள் அவற்றுக்கு இடம் தரட்டும். தமிழில் விஞ்ஞான இலக்கியம் பிறக்கவேண்டுமாயின் அது அந்தப் பிள்ளைகளின் எழுத்திலேதான் பிறக்கும்.

சொல் நம்மிடம் இருக்கிறது. அதை நமக்கு ஆக்கித் தந்தவர்கள் தம் கடனைச் செய்து முடித்துவிட்டார்கள். பொருளைக் காட்டுவது நம் கடன். அதற்கு வேண்டிய சாவி எவர் சட்டைப்பையில் இருக்கிறதென்று ஒவ்வொரு பாடசாலையும் இந்த வாரமே தேடிப் பார்ப்பதாக.